ஒற்றைப் பிரதி

புத்தகம் சேர்க்கும் பணக்காரர்களைப் பற்றி நம் பத்திரிகைகளில் வரும் கட்டுரைகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. இளம் வயதிலேயே அவருக்கு அந்தப் பித்துப் பிடித்துவிட்டது. பழைய மூர் மார்க்கெட்டில் மண்ணோடு கிடந்ததை எடுத்துத் தட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தார். மனைவி வளையல் கேட்டாள். அவர் புத்தகம் வாங்கினார். நாற்பது, ஐம்பது ஆண்டுகள் இப்படியே போயின. இப்போது அவர் வீட்டில் இத்தனை ஆயிரம் புத்தகங்கள். கட்டுரையின் நடுவில் ஒரு படம் இருக்கும். அலமாரிக்கு முன்னால் அவர் நிற்பார். கையில் பழுப்பேறிய நூல் ஒன்று. அடியில், ‘உலகத்திலேயே இது ஒன்றுதான் இருக்கிறது’ என்று போட்டிருக்கும். படிக்கிறவர்களும் ‘ஆகா!’ என்கிறார்கள்.

எனக்கு அந்த ‘ஆகா’ பிடிக்கவில்லை. உலகத்தில் ஒன்றுதான் இருக்கிறது என்பது ஒரு புத்தகத்துக்கு நேரக்கூடிய மகா துன்பம். அதைப் பெருமையாகச் சொல்லுவது, ‘அந்தக் குடும்பத்தில் மிஞ்சியது இந்தக் குழந்தை ஒன்றுதான்’ என்பதைச் சிரித்துக்கொண்டே சொல்லுவதற்குச் சமானம். சேகரிப்பவர் சந்தோஷப்படுகிற அதே விஷயத்துக்காக வாசகன் அழவேண்டியிருக்கிறது. இந்த முரண்பாட்டை யாரும் பேசுவதில்லை, நான் பேசுகிறேன்.

வைரம் அரிதாக இருப்பதனால் விலை பெறுகிறது. ஆற்றங்கரை தோறும் கிடைத்தால் அதையும் கூழாங்கல் என்றுதான் சொல்லுவோம். புத்தகத்தின் சங்கதி வேறு. திருக்குறள் வீட்டுக்கு வீடு இருக்கிறது. அதனால் அதன் மதிப்பில் ஒரு குன்றிமணி குறைந்துவிட்டதா? வளையாபதி முழுசாக இன்று யாரிடமும் இல்லை. மற்றவர்கள் எடுத்துக் காட்டிய மேற்கோளாகச் சுமார் 70 பாட்டுத் தப்பிப் பிழைத்திருக்கிறது. அதற்கும் ஒரு காலத்தில் ஒற்றைப் பிரதி என்று ஒன்று இருந்துதான் இருக்கும். எந்தப் பரணிலோ, எந்த மடத்துப் பெட்டியிலோ அதை வைத்திருந்த மனிதருக்குத் தம்மிடம் மட்டுமே அது இருக்கிறது என்று தெரிந்திருந்தால், அவரும் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டிருப்பாரோ என்னவோ.

நான் வசிக்கும் வெண்ணந்தூர் தறி ஊர். இங்கே ஒரு கரை நன்றாக விழுந்துவிட்டால் அடுத்த தறியிலும் அதே அட்டையைக் கோத்துவிடுவார்கள். அதைப் பார்த்துவிட்டு அடுத்த தெருக்காரர் தம் தறியிலும் போடுவார். கொஞ்சம் வாய்ச்சண்டை வரும். ஆனால் கரை பிழைத்துக்கொள்ளும். ஒரே ஒரு பட்டுச் சேலையை நெய்து, பெட்டியில் வைத்துப் பூட்டிப் பாருங்கள்; மடிப்பு விழுந்த இடத்திலேயே இற்றுப்போகும். பெட்டியைத் திறக்காததனால் சேலை பிழைத்தது என்று எங்கள் ஊரில் யாரும் சொல்லக் கேட்டதில்லை.

இந்த ஒற்றைப் பிரதிப் பெருமை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஒரு கதை உண்டு. 1836-இல் பாரிஸ் பத்திரிகை ஒன்றில் வெளியாயிற்று. பார்சிலோனா நகரத்தில், முன்னாள் துறவி ஒருவன் பழம்புத்தகக் கடை வைத்திருந்தானாம். உலகில் வேறு பிரதியே இல்லை என்று கருதப்பட்ட ஒரு நூல் ஏலத்துக்கு வந்தது. போட்டிக் கடைக்காரன் அதிக விலை கேட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டான். சில நாளில் அந்தக் கடை எரிந்தது, கடைக்காரன் செத்தான். புத்தகம் மட்டும் இவன் வீட்டில் அகப்பட்டது. வழக்கு நடந்தபோது வக்கீல் இவனைக் காப்பாற்றப் பார்த்தார்: ‘இன்னொரு பிரதி பாரிஸில் இருக்கிறது, ஆகவே இவனிடம் இருப்பது செத்தவனுடையதுதான் என்று எப்படிச் சொல்ல முடியும்?’ அதுவரையில் கல்லாக நின்றவன் அப்போதுதான் அழுதானாம். கொலைக்காக அல்ல, இன்னொரு பிரதி இருப்பதற்காக.

இது நடந்ததே அல்ல, யாரோ புனைந்தது என்று பிற்பாடு ஆராய்ந்தவர்கள் சொல்லுகிறார்கள். இருக்கலாம். பதினைந்து வயதுகூட நிரம்பாத பிளாபேர் அதை எடுத்து ஒரு சிறுகதை பண்ணிவிட்டார். கதை எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் சொல்லுகிறேன்: புனைந்தவன் மனித மனம் அறிந்தவன். அந்த அழுகை பொய்யாக இருக்க முடியாது.

பொய்யே இல்லாத ஓர் ஆசாமியையும் பார்க்கலாம். இங்கிலாந்தில் ஸர் தாமஸ் பிலிப்ஸ் (1792–1872) என்று ஒரு தனவந்தர். உலகிலுள்ள ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதி தமக்கு வேண்டும் என்று ஆசைப்பட்டார். கையெழுத்துச் சுவடிகள் சுமார் 60,000, அச்சு நூல்கள் சுமார் 40,000 என்று குவித்தார். குடும்பம் கடனில் மூழ்கியது. புத்தக வியாபாரிகள் பணத்துக்கு அலைந்தார்கள். அறிஞர்கள் தேடிப்போனால் பார்க்க இடம் கொடுத்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அது அவருடைய நல்ல பக்கம். ஆனால் உயிலைப் பாருங்கள். புத்தகங்களை யாரும் இடம் மாற்றி அடுக்கக் கூடாது. கத்தோலிக்கர் யாரும் உள்ளே வரக் கூடாது. மூத்த மகளும் மாப்பிள்ளையும் எட்டிப் பார்க்கக் கூடாது! செத்த பிறகும் சாவியைக் கையில் வைத்துக்கொள்ள நினைத்தார். முடிகிற காரியமா? வாரிசுகள் விற்க ஆரம்பித்தார்கள். விற்று முடிக்க நூறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

நம் நாட்டுக்கு வருவோம். தஞ்சாவூர் இரண்டாம் சரபோஜி மன்னருக்கும் (1777–1832) இதே பித்துத்தான். 1799-இல் ராஜ்யத்தைக் கும்பெனியார் எடுத்துக்கொண்டார்கள். கோட்டையும் மானியமும்தான் மிச்சம். அந்தப் பணத்தில் அவர் ஐரோப்பிய பாஷைகளில் 4,000-க்கு மேல் புத்தகங்கள் வாங்கினார். பல நூல்களில் தம் கையெழுத்தையும் போட்டார். காசி யாத்திரை போனபோதும் சுவடி வேட்டைதான். ஆனால் இவர் காரியத்தில் ஒரு வித்தியாசம் உண்டு. விலைக்குக் கிடைக்காத சுவடிகளைப் பண்டிதர்களைக் கொண்டு பிரதி எடுக்கச் செய்தார். அரண்மனையில் அச்சுக்கூடம் வைத்தார். 1809-இல் ஈசாப் கதைகளை மராத்தியில் மொழிபெயர்க்கச் செய்து அங்கே அச்சிட்டார். ஒரு கையால் சேர்த்தார். மறு கையால் பெருக்கினார். 1918-இல் சரஸ்வதி மகால் பொதுநூலகமாயிற்று. சரபோஜியைப் புத்தகப் பித்தர் என்று யாராவது எழுதினால் நானும் சேர்ந்து ‘ஆகா’ போடுகிறேன்.

அதே சரஸ்வதி மகாலில் 2005-இல் ஒரு திருட்டு நடந்தது. ஸீகன்பால்கு மொழிபெயர்த்து 1715-இல் தரங்கம்பாடியில் அச்சான தமிழ்ப் புதிய ஏற்பாட்டின் பிரதி, சரபோஜியின் கையெழுத்து உள்ளது, காணாமல் போயிற்று. பதினேழு வருஷம் கழித்து, 2022-இல், அது இலண்டனில் ஒரு சேகரிப்பில் இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சிலைத் திருட்டுத் தடுப்புப் போலீசார் அறிவித்தார்கள். சிலையைத் தேடுகிற போலீசார் புத்தகத்தையும் தேடவேண்டி வந்தது என்பதிலேயே விஷயம் விளங்குகிறது: அரிய புத்தகம் விக்கிரகம் மாதிரி ஆகிவிட்டது, அதன் விலை அதைப் படிப்பதில் இல்லை. ஒரு சமாதானம் உண்டு. அந்தப் பதிப்பின் வேறு பிரதிகள் பல தேசங்களில் இருக்கின்றன. ஆகவே, திருடன் கொண்டுபோனது மன்னர் கையெழுத்தைத்தான். ஸீகன்பால்குவின் தமிழைக் கொண்டுபோக அவனால் முடியவில்லை. ஒற்றைப் பிரதியாக இருந்திருந்தால் இரண்டும் ஒரே மூட்டையில் போயிருக்கும்.

1578-இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ பதினாறே பக்கம். தமிழ் எழுத்தில் அச்சாகி நமக்குக் கிடைத்தவற்றில் அதுதான் முதல் நூல். இன்று தெரிந்தவரையில் ஒரு பிரதிதான்; அமெரிக்காவில் ஹார்வர்டு சர்வகலாசாலையில் இருக்கிறது. இதைச் சொல்லி அங்கலாய்ப்பது நம்மவருக்கு ஒரு வழக்கம். ஆனால் சேசு சபைத் துறவி இராசமாணிக்கம் அதைத் தமிழ்நாட்டில் மறுபதிப்பாகக் கொண்டுவந்தார். அன்று முதல் அது ஹார்வர்டில் இருந்தால் என்ன, அண்டார்ட்டிகாவில் இருந்தால் என்ன? காகிதம் அங்கே, நூல் இங்கே.

செட்டிநாட்டுக் கோட்டையூரில் இருந்த ரோஜா முத்தையாவை இந்த வரிசையில் எங்கே வைப்பது? அவர் ராஜா அல்ல, பிலிப்ஸைப் போலப் பண்ணை வைத்திருந்தவரும் அல்ல. விளம்பரப் பலகை எழுதும் ஓவியராகத் தொழில் பார்த்தவர். 1950-களில் பிடித்த பித்து 1992-இல் அவர் கண்ணை மூடும்வரை விடவில்லை. அவர் சேர்த்தவற்றில் புத்தகங்கள் மட்டும் சுமார் 50,000. அதற்குமேல் பத்திரிகைகள், நாடக நோட்டீஸ்கள், கலியாணப் பத்திரிகைகள், பாட்டுப் புத்தகங்கள், படங்கள். மற்றச் சேகரிப்பாளர்கள் தோல் அட்டையும் தங்க எழுத்தும் தேடிக்கொண்டிருந்த காலத்தில், காலையில் தெருவில் விநியோகித்து மாலையில் பொரிகடலை மடிக்கப் போகும் காகிதத்தை அவர் எடுத்து வைத்தார். தமிழன் என்ன படித்தான், எதைப் பார்த்துச் சிரித்தான், எந்த மருந்தை நம்பி ஏமாந்தான் என்பதெல்லாம் அந்தக் காகிதத்தில்தான் இருக்கின்றன. அவர் உயிரோடிருந்தபோதே ஆராய்ச்சிக்காரர்கள் கோட்டையூருக்கு வழி கேட்டுக்கொண்டு போனார்கள்.

அவர் போன பிறகு என்ன ஆயிற்று? 1994-இல் சிகாகோ சர்வகலாசாலை அந்தச் சேகரத்தை விலைக்கு வாங்கியது. உடனே, ‘ஐயோ, தமிழ்ச் செல்வத்தை வெள்ளைக்காரன் கொண்டுபோகிறான்’ என்று பேசினவர்களை நான் கண்டிருக்கிறேன். அவன் கொண்டுபோகவில்லை. புத்தகங்கள் சென்னைக்கு வந்தன, முகப்பேரில் நூலகமாயின, பிறகு தரமணிக்குப் போயின. மைக்ரோபிலிம் எடுத்தார்கள், படி எத்தனை வேண்டுமானாலும் போடலாம் என்ற நிலை வந்தது. இன்று யார் வேண்டுமானாலும் போய் உட்கார்ந்து படிக்கிறார்கள். செட்டிநாட்டு மாளிகைகளின் பர்மாத் தேக்குத் தூண்கள் எங்கெங்கோ விலையாகிப் போனபோது வாயைத் திறக்காதவர்கள், இந்தப் பழைய காகிதத்துக்கு மட்டும் ஏன் கொதித்தார்கள் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. வாங்கியவன் யார் என்பதா கேள்வி? கதவைத் திறந்தானா, படி எடுத்தானா என்பதுதான் கேள்வி.

இனி, திறக்காத கதவு ஒன்றைப் பற்றிச் சொல்லுகிறேன். சேலம் பக்கத்தில் ஒரு தனவந்தர் இருந்தார். பெயர் வேண்டாம், காலமாகிவிட்டார். 1876 முதல் 1878 வரை நடந்த தாது வருஷப் பஞ்சத்தை வைத்து ஒரு நாவல் எழுத எண்ணியிருந்தேன். அந்தக் காலத்துச் சேலம் ஜில்லாவைப் பற்றி 1883-இல் லெபானு எழுதிய மானுவல் இருக்கிறது. அதில் கணக்குக் கிடைக்கும், குரல் கிடைக்காது. பசித்தவர்கள் குரல் கும்மிப் பாட்டில்தான் இருக்கும். அப்படி ஒரு சிறு புத்தகம் இவரிடம் இருக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனேன்.

நல்ல மனிதர். காபி கொடுத்து உபசரித்தார். கண்ணாடி அலமாரிக்கு முன்னால் அழைத்துக்கொண்டு போனார்.

“இதாம் பாருங்க. பஞ்சக் கும்மி. ரெண்டணாப் புத்தகம். இப்ப எங்கேயும் இல்லீங்க. லண்டன்லகூட இல்லையாம்.”

“கொஞ்சம் பார்க்கலாங்களா?”

“நல்லாப் பாருங்களேன்” என்றார். கண்ணாடியைத் திறக்கவில்லை.

“இங்கேயே ஒரு ஓரமா உட்கார்ந்து எழுதிக்கிட்டுப் போயிடறேனுங்க. பென்சில்தான். மைகூட வேண்டாம்.”

அவர் என்னை ஒரு குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். “நீங்க எழுதிக்கிட்டீங்கன்னா, அப்புறம் இது என்னாத்துக்குங்க?” என்று கேட்டார்.

கோபமாகச் சொல்லியிருந்தால் மறந்திருப்பேன். மிகவும் நியாயமான சந்தேகத்தைக் கேட்பவர் மாதிரி கேட்டார். அந்தப் பாட்டை யாராவது படித்துவிட்டால் அவருடைய புத்தகம் செத்துப்போகும் என்று அவர் மனசார நம்பினார். அவர் போன பிறகு பிள்ளைகளிடம் இரண்டு தடவை கேட்டனுப்பினேன். நிலமும் வீடும் பாகமாகிவிட்டன. அலமாரிச் சாவி எந்தப் பங்கில் சேர்ந்தது என்பது தீரவில்லை. உள்ளே புத்தகம் இருக்கிறதா, கரையான் இருக்கிறதா என்பதும் தெரியாது.

ஈரோட்டுப் புலவர் செ. இராசு நினைவுக்கு வருகிறார். கொங்குநாட்டுக் கிராமங்களில் அலைந்து ஏடும் செப்பேடும் தேடியவர். கிடைத்ததை அலமாரியில் நிறுத்தாமல் அச்சுக்கு அனுப்பினார். பஞ்சக் கும்மிகளையும் திரட்டிப் புத்தகமாக்கினார். என்னைப் போன்றவர்களுக்கு இன்று அந்தப் பஞ்சத்தின் பாட்டு ஏதாவது கிடைக்கிறது என்றால், பணக்காரர் அலமாரியால் அல்ல, இந்த மாதிரி வாத்தியார்களால்தான்.

சேகரிப்பாளர் கட்சியிலும் நியாயம் இருக்கிறது என்பார்கள். இருக்கிறது. இந்தப் பித்தர்கள் இல்லாவிட்டால் பாதிப் புத்தகம் பழைய பேப்பர்க் கடையில் எடைக்குப் போயிருக்கும். கோயில் ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓம குண்டத்தில் போட்ட ஊர்களும் உண்டு என்று சாமிநாதையர் எழுதியிருக்கிறார். ஆக, எடுத்துக் காத்ததற்குக் கும்பிடு. ஆனால் கிணற்றில் விழுந்தவனைத் தூக்கிக் கரையேற்றிவிட்டு, பிறகு தன் வீட்டு அறையில் அடைத்துப் பூட்டினால், ‘உயிரைக் காப்பாற்றியவராயிற்றே’ என்று பேசாமல் இருப்போமா?

இரவல் கொடுத்தால் திரும்பி வராது என்கிறார்கள். முழு உண்மை. இரவல் புத்தகத்தைத் திருப்பிக் கொடுப்பதில் நம்மவர்களுக்குள்ள கூச்சம் உலகப் பிரசித்தம். இரவல் கொடுக்க வேண்டாம். படி எடுக்க விடுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

தொட்டால் காகிதம் நொறுங்கும் என்கிறார்கள். தொடாவிட்டாலும் நொறுங்கும், ஐயா! பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மரக்கூழ்க் காகிதம் வந்தது. அதைக் கெட்டிப்படுத்தப் படிகாரம் சேர்த்தார்கள். அதிலிருந்து உண்டாகும் அமிலம் காகிதத்தை உள்ளிருந்தே தின்கிறது. பழுப்பாகும், ஓரம் உதிரும், பிறகு அப்பளம்தான். சேலத்து வெயிலும் மூடிய அலமாரியின் புழுக்கமும் அதைச் சீக்கிரப்படுத்தும். பனையோலை முந்நூறு வருஷம் தாங்கும். அந்த ரெண்டணாக் காகிதம் அவ்வளவு தாங்காது. பூட்டு வைத்திருப்பவர் ஒரு நோயாளியைப் பூட்டி வைத்திருக்கிறார். நோய் உள்ளேயே இருக்கிறது.

சொந்தப் பணம் போட்டு வாங்கியது என்கிறார்கள். வாங்கியது காகிதத்தை. ஆசிரியர் இறந்து 60 ஆண்டு கழிந்தால் எழுத்து பொதுச்சொத்து என்று நம் நாட்டுச் சட்டமே சொல்லுகிறது. தாது வருஷத்துக் கும்மி எனக்கும் சொந்தம், தெருவில் பாவு ஓட்டுகிற பையனுக்கும் சொந்தம். அந்தச் சொத்தின்மேல் ஒருவர் கண்ணாடி போட்டுப் பூட்டியிருக்கிறார் என்பதுதான் நிலைமை.

இன்னொன்றையும் நினைக்க வேண்டும். 1981-இல் யாழ்ப்பாணம் பொதுநூலகத்தைக் கொளுத்தினார்கள். சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. அது பூட்டி வைத்த இடமல்ல. ஊருக்கெல்லாம் திறந்த இடம். கொளுத்திய பாவிகளை மன்னிக்க முடியாது. ஆனால் அந்தத் தீயிலும் ஒரு கணக்கு இருக்கிறது. வேறெங்காவது பிரதி உள்ள நூல்களைத் தேடித் திரும்ப வாங்க முடிந்தது. அங்கே மட்டுமே இருந்த ஏடுகள் போனது போனதுதான். அந்த மக்கள் பாடம் படித்தார்கள். 2005-இல் ‘நூலகம்’ என்ற பெயரில் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் மின்பிரதியாக்கி எல்லோருக்கும் இலவசமாக வைக்க ஆரம்பித்தார்கள். அதற்கு முன்பே, 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் வேலை பார்த்த கல்யாணசுந்தரம் ‘மதுரைத் திட்ட’த்தைத் தொடங்கியிருந்தார், உலகமெங்கும் உள்ள தமிழர்கள் வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் உட்கார்ந்து பழைய நூல்களைத் தட்டச்சுச் செய்துகொடுத்தார்கள். இவர்களில் எத்தனை பேர் தனவந்தர்கள்?

பணமுள்ளவர்கள் செய்யவே இல்லை என்றும் சொல்லமாட்டேன். பாண்டித்துரைத் தேவர் 1901-இல் மதுரைத் தமிழ்ச்சங்கத்தை நிறுவியபோது புத்தகசாலையோடு அச்சுக்கூடமும் வைத்தார். ‘செந்தமிழ்’ பத்திரிகையும் நடத்தினார். அந்த வழி தெரிந்துதான் இருக்கிறது. இப்போது அதற்கு அச்சுக்கூடம்கூட வேண்டியதில்லை. நூறு பக்கப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் படம் பிடிக்கக் கைத்தொலைபேசி வைத்திருக்கும் ஒரு பையனுக்கு அரைமணி போதும். புத்தகம் அலமாரியை விட்டு ஓர் அடி நகர வேண்டாம். சாவியும் அவரிடமே இருக்கட்டும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. தரமணி நூலகம் இருக்கிறது. அனுப்பிவைத்தால் பெயர் போட்டு ஏற்றுக்கொள்ளுவார்கள். ராசிபுரம், திருச்செங்கோடு, சேலம் வட்டாரத்தில் பழைய நூல் வைத்திருக்கும் பெரிய வீடுகள் இன்னும் உண்டு. ஒரு கலியாணத்தில் வாழையிலைக்கு ஆகும் செலவு இந்தக் காரியத்துக்கு ஆகாது. அதைக்கூடச் செய்ய மனமில்லாத ஒருவரை, அடுத்த தீபாவளி மலரில் யாராவது ‘புத்தகக் காதலர்’ என்று படம் போட்டு எழுதினால், அதற்குப் பதில் எழுத ஒரு பக்கம் ஒதுக்கிவைக்குமாறு ஆசிரியரை இப்போதே கேட்டுக்கொள்கிறேன்.